பழைய கொம்பியூட்டரும் உங்கட கேஸ் பேப்பர்களும்

(வெக்ஸ்போர்டில் புதிதாக வந்தவர்களுக்கான கணினி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பழக்கத்தில், முக்கியமான விசயத்தை நான் இரண்டு மூன்று தரம் சொல்லுவன். பொறுத்துக்கொள்ளுங்கோ. இன்றைக்கு அந்த விசயம் இதுதான்: முதலில் நகல், பிறகுதான் நிறுவல்.

விண்டோஸ் 10க்கு வழமையாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய புரொசஸரும் வேண்டும். அவை இல்லாத நல்ல மெசின்களை ஆட்கள் குறைந்த காசுக்கு விற்கினம், சும்மாவும் தருகினம். உங்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் எறியாதேங்கோ. கள்ளக் கொப்பி விண்டோஸும் போடாதேங்கோ. அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம். லினக்ஸ் போடலாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது அது. இலவசம், சட்டபூர்வமானது. அதில் பல வகை உண்டு. புதிதாகப் பழகுபவருக்கு லினக்ஸ் மின்ட் சுகம்.

ஏன் இவ்வளவு கவனம்? உங்கட அகதிக் கோரிக்கையில் ஊரில் இருக்கிற உறவினரின் பெயரும் இருக்கும். அது பிறர் கையில் போனால் ஆபத்து அவர்களுக்கும்தான். ஊரில் இருந்து வந்த கடிதமும் படமும் அழிந்துபோனால் திரும்ப எடுப்பது கஷ்டம்.

இனிச் செய்யும் முறை.

1. கணினியில் உள்ள கடிதம், படம், படிவம் எல்லாவற்றையும் ஒரு யூ.எஸ்.பி குச்சியில் நகல் எடுங்கோ. இன்னொரு நகல் உங்கட சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த படி.

2. மின்ட் போடுவதற்கு வேறொரு குச்சி எடுங்கோ, 8 ஜிபி போதும். அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். ஆகவே நகல் எடுத்த குச்சியைத் தொடவே வேண்டாம்.

3. லினக்ஸ் மின்டின் சொந்தத் தளத்திலிருந்து எக்ஸ்.எஃப்.சி.ஈ பதிப்பை இறக்குங்கோ; பழைய மெசினுக்கு அது பாரம் குறைவு. 64 பிட் கணினியும் குறைந்தது 2 ஜிபி ராமும் வேண்டும். 4 இருந்தால் நல்லது. ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் குச்சியில் எழுதுங்கோ.

4. கணினியைத் தொடக்கும்போது டெல், லெனோவோ என்றால் எஃப் 12, எச்.பி என்றால் எஃப் 9 அழுத்திக் குச்சியைத் தெரிவு செய்யுங்கோ. மின்ட் குச்சியிலிருந்தே ஓடும். உள்ளே எதுவும் மாறாது. சத்தம், இணையம் எல்லாம் சரியா என்று ஆறுதலாகப் பாருங்கோ.

5. திருப்தி என்றால் நிறுவுங்கோ. டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவில், மறைகுறியாக்கம் செய்யவும் ஒரு வசதி உண்டு. அதைத் தெரிவு செய்தால் கடவுச்சொல் இல்லாமல் ஒருவராலும் உங்கட பேப்பரைப் பார்க்க ஏலாது. கடவுச்சொல் மறந்தால் நீங்களும் பார்க்க ஏலாது. தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கோ.

லினக்ஸில் எல்லாம் நடக்கும் என்று நான் சொல்லமாட்டன். குடிவரவுத் திணைக்களத்தின் சில பி.டி.எஃப் படிவங்கள் அடோபி ரீடரில் மட்டும்தான் சரியாகத் திறக்கும். லினக்ஸுக்கான அடோபி ரீடரின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. வேறு மென்பொருளில் திறந்தால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படிவம் வராது! படிவம் பழுது என்று நினைத்துக் கெடு நாளைத் தவறவிடாதேங்கோ. நூலகத்தில் விண்டோஸ் கணினி இருக்கும். லோறன்ஸ் கிழக்கில் மக்கிறெகர் பார்க் கிளை எங்களுக்குக் கிட்ட. வேலை முடிய அங்கே உங்கட கோப்பு ஒன்றையும் விட்டுவிட்டு வராதேங்கோ.

குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைகள் பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் வழியாக நடக்கின்றன. லினக்ஸில் குரோம் உலாவியிலேயே டீம்ஸ் வேலை செய்யும். ஆனால் மேசைக் கணினியில் கமெராவும் மைக்கும் அநேகமாக இராது. தனியாக வாங்க வேணும். விசாரணைக்குச் சில நாள் முன்னமே ஒருவரோடு பேசிச் சோதித்துப் பாருங்கோ. வசதி சரிவராது என்றால் உங்கட சட்டத்தரணியிடம் நேரத்தோடு சொல்லுங்கோ.

தமிழும் எழுதலாம், தமிழ்99 விசைப்பலகை உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் விளங்காத குறிகளாகத் தெரியும். அழிக்க முன்னமே அவற்றைப் பி.டி.எஃப் ஆக மாற்றி வையுங்கோ. லினக்ஸ் பற்றித் தமிழில் படிக்க விரும்பினால், 2012 முதல் வெளிவரும் கணியம் இணைய இதழைப் பாருங்கோ.

கணினி பழுதானால் இன்னொன்று தேடலாம். அதற்குள் இருக்கிற உங்கட பேப்பர்களை அப்படித் தேட ஏலாது. அதனால் கடைசியாக ஒருக்கால் எல்லோரும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கோ: முதலில் நகல், பிறகுதான் நிறுவல்.