முன்கூட்டியே பிரசவம் என்று மருத்துவர் சொன்னால்…

மேல்சித்தாமூரில் கர்ப்பிணிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பேசிய உரையின் எழுத்து வடிவம்

கர்ப்பிணித் தாய்மார்கள் நல்லா சாய்ந்து வசதியாக உட்காருங்க. கூட வந்திருக்கிற கணவர், அம்மா, மாமியார் எல்லாரும் முன்னாடி வாங்க. இன்றைக்குச் சொல்லப் போகிற வேலைகளில் பாதி உங்களுக்குத்தான்.

வலி வந்து, பனிக்குடம் உடைந்து, அதன் பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புவது நமக்குத் தெரிந்த பிரசவம். சிலருக்கு அப்படி நடப்பதில்லை. இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காமல் ஏறியிருக்கும். ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி குறைந்திருக்கும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு இரத்தப்போக்கு இருக்கும். அப்போது மருத்துவர், "இனி காத்திருப்பது ஆபத்து, குழந்தையை முன்னாடியே எடுத்துடலாம்" என்பார். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை.

இதைக் கேட்டதும் வீடே கலங்கிப் போகும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்க. திடீரென்று வலி வந்து குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் குழந்தைக்குக் கிடைத்திருக்கிறது. அதுதான் நேரம். இரண்டு நாளாக இருக்கலாம், ஒரு வாரமாக இருக்கலாம். அந்த நேரமும் ஒரு மருந்துதான். அதை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இடம். குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும், உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும், சர்க்கரை குறையும். இதைப் பார்க்கப் பச்சிளம் குழந்தைகள் சிறப்புக் கவனிப்புப் பிரிவு வேண்டும். நமக்கு முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அது இருக்கிறது. "செஞ்சியிலேயே, திண்டிவனத்திலேயே பார்த்துக்கலாமே, அவ்வளவு தூரம் எதுக்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பிறந்த பிறகு ஒன்றரைக் கிலோ குழந்தையை ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. அதனால் மேல் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கிளம்புங்க.

நல்ல நேரம் பார்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு நாள் பாருங்க, புதுமனை புகு விழாவுக்குப் பாருங்க. மருத்துவர் குறித்த பிரசவத் தேதியை அஷ்டமி, நவமி என்று தள்ளிப் போடாதீங்க. அதேபோல, காரணமே இல்லாமல் நல்ல நட்சத்திரத்துக்காக முன்கூட்டியே எடுக்கச் சொல்லவும் வேண்டாம். இரண்டிலும் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

அடுத்தது ஊசி. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு. தாய்க்குப் போடும் இந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,852 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தது நூற்றுக்கு 23.5. ஊசி போட்டவர்களிடம் அது 19.6. ஏறக்குறைய 25 தாய்மார்களுக்கு இந்த ஊசி போட்டால் ஒரு குழந்தையின் உயிர் கூடுதலாகத் தப்புகிறது.

இங்கே குடும்பத்தாருக்கு ஒரு வேலை இருக்கிறது. முதல் ஊசியைப் பெரும்பாலும் அனுப்பும் இடத்திலேயே போட்டுவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி என்று பரிந்துரைச் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்க. உடனே போனில் ஒரு படம் எடுத்து வையுங்க. அடுத்த மருத்துவமனையில் கணக்கு அங்கிருந்துதான் தொடரும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் மறக்காமல் சொல்லுங்க, இந்த ஊசியால் சர்க்கரை ஏறும்.

மூன்றாவது, உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போன். அதில் "பிரசவம்" என்று ஓர் ஆல்பம் போடுங்க. தாய் சேய் நல அட்டையின் எல்லாப் பக்கங்களும், கடைசி ஸ்கேன், இரத்த வகை எழுதிய சீட்டு, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, எல்லாம் அதில் இருக்கட்டும். முக்கியமாக, பிக்மி பதிவில் கிடைத்த ஆர்சிஎச் எண். தாய் வீட்டுக்குப் போனாலும் வேறு மாவட்டத்துக்குப் போனாலும் அந்த எண் மாறாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் வேண்டும். கணவரின் போன், மாமியாரின் போன் இரண்டிலும் இருந்தால் நல்லது.

நான்காவது, ஆட்கள். மருத்துவமனையில் தாயோடு யார் இருப்பது? மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? மாட்டுக்குத் தண்ணி காட்டுவது யார்? குறைமாதக் குழந்தை மூன்று நாளில் வீட்டுக்கு வராது. சில வாரங்கள் ஆகலாம். இதை இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்க. தேவைப்பட்டால் இரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்க. செலவைப் பற்றிப் பயந்து நேரத்தைக் கடத்த வேண்டாம். 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, இரத்தம், நோயுற்ற குழந்தையின் சிகிச்சை எல்லாம் இலவசம். திரும்பி வர 102 தாய் சேய் ஊர்தி இருக்கிறது.

தேதி குறித்துவிட்டார்களே என்று அதுவரை சும்மா இருக்கவும் கூடாது. கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்க. ஊர் பெயரோடு பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளி, மடம் என்று அடையாளமும் சேர்த்துச் சொல்லுங்க.

குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு வேலை தொடங்குகிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் உறிஞ்சி விழுங்கத் தெரியாது. அதனால் பால் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இரண்டு, மூன்று மணிக்கு ஒரு முறை பாலைப் பீய்ச்சிக் கொடுங்க. செவிலியர் குழாய் வழியாகவோ பாலாடையிலோ புகட்டுவார். முதல் நாள் சில சொட்டுதான் வரும். அந்தச் சீம்பாலைக் கீழே ஊற்றிவிடாதீங்க. பால் ஊறவே தாமதமானால் தாய்ப்பால் வங்கி பற்றிக் கேளுங்க. புதுச்சேரி ஜிப்மரில் 2016-ல் அமுதம் தாய்ப்பால் மையம் தொடங்கினார்கள்.

அடுத்து, கங்காரு பராமரிப்பு. குழந்தையைத் துணியில்லாமல் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்வது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரை உள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது, 28 நாளுக்குள் இறப்பு நூற்றுக்கு 15.7-லிருந்து 12 ஆகக் குறைந்தது. தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பா செய்யலாம், பாட்டியும் செய்யலாம். முன்பக்கம் திறக்கும் சட்டை அல்லது நைட்டி இரண்டு எடுத்துப் போங்க. குழந்தைக்குத் தொப்பி, காலுறை எடுத்துக்கொள்ளுங்க.

வீட்டுக்கு வந்ததும் பலர் விட்டுவிடுவது கண் பரிசோதனையை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு விழித்திரை பாதிக்கலாம். வெளியே பார்த்தால் கண் நல்லா இருக்கும், ஒன்றும் தெரியாது. பிறந்து 30 நாளுக்குள் பார்த்தால் காப்பாற்றலாம், தவறினால் பார்வையே போகலாம். அந்தத் தேதியை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே கேட்டு வாங்கி, போனில் அலாரம் வையுங்க. குழந்தை மிகச் சிறியதாக இருந்தால் இன்னும் முன்னாடியே வரச் சொல்வார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று காரியம் செய்துவிட்டுப் போங்க. ஆர்சிஎச் எண்ணைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்புங்க. நம் கிராம சுகாதார செவிலியர் எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்க. "எனக்குப் பிரசவம் எந்த மருத்துவமனையில், குழந்தைக்கு அங்கே சிறப்புப் பிரிவு இருக்கிறதா?" என்று அவரிடம் கேளுங்க. பதில் கிடைக்காமல் எழுந்திருக்க வேண்டாம். சந்தேகம் எப்போது வந்தாலும் 104-க்குப் பேசலாம்.