பந்தைக் கையில் கொடுப்பவர்கள்



லான் பவுல்ஸ் என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் இண்டூர் பக்கம் அதை ஆடிப் பார்த்தவர்கள் அரிது. ஆனால் கோலி ஆடியவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். முதலில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டி நிறுத்துவார்கள். பிறகு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெரிய பந்துகளை உருட்டுவார்கள். சின்னப் பந்துக்கு மிக அருகில் போய் நிற்கிற பந்துக்குப் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம்.

இங்கிலாந்தில் இதற்கென்று ஊருக்கு ஊர் மன்றங்கள் இருக்கின்றன. பல மன்றங்களில் பழைய உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது, புதியவர்கள் வரவில்லை. 2022 மே மாதக் கடைசியில் நாடெங்கும் உள்ள மன்றங்கள் கதவைத் திறந்து வைத்து, யாரும் வந்து கட்டணமின்றி ஆடிப் பார்க்கலாம் என்று அழைத்தன.

அந்தப் புல்தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பளம் விரித்ததுபோல் ஒட்ட வெட்டி, உருளை ஓட்டி, ஆண்டு முழுதும் பிள்ளைபோல் பேணுகிற தரை அது. குதிகால் உயர்ந்த செருப்போடு ஒருவர் நடந்தால் தடம் விழும். அப்படிப்பட்ட தரையில் முன்பின் தெரியாதவர்களை இறங்க விடுவதற்குப் பெரிய மனசு வேண்டும். தட்டையான காலணி போட்டு வாருங்கள் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பந்தை மன்றமே தருகிறது.

அந்தப் பந்தும் நேராக ஓடாது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்படியே செய்திருப்பார்கள். வேகம் குறையக் குறைய அதிகமாக வளையும். இலக்கை நேராகப் பார்த்து உருட்டுகிற புதியவருடைய பந்து எங்கோ போய் நிற்கும். பக்கத்தில் நிற்கிற மூத்த உறுப்பினர் சிரித்துக்கொண்டே இன்னொரு பந்தை நீட்டுவார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2010 தில்லி காமன்வெல்த் போட்டிகளுக்காக ஒரு பள்ளியில் பயிற்சிக் களம் அமைத்தார்கள். அங்கே உடற்கல்வி ஆசிரியையாக இருந்த பிங்கி அப்போதுதான் இந்த ஆட்டத்தைத் தொட்டார். நயன்மோனி சைக்கியா பளு தூக்கியவர். லவ்லி சௌபே ஓட்டக்காரர், ஜார்க்கண்ட் காவல்துறையில் பணியாற்றுபவர். இவர்களோடு ரூபா ராணி திர்க்கியும் சேர்ந்து, 2022 ஆகஸ்ட் 2 அன்று தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் பெற்றார்கள். காமன்வெல்த் போட்டிகளில் இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. யாரோ ஒருவர் ஒரு நாள் இவர்கள் கையில் பந்தைக் கொடுத்திருக்கிறார்.

யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இரண்டு சீடர்கள் இயேசுவிடம் அவர் தங்கும் இடத்தைக் கேட்கிறார்கள். அவர் விலாசம் சொல்லவில்லை, போதிக்கவும் தொடங்கவில்லை. வந்து பார்க்கச் சொன்னார். அன்று அவர்கள் அவரோடு தங்கினார்கள். அப்போது மாலை ஏறக்குறைய நான்கு மணி என்று நேரத்தைக்கூட யோவான் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார். அந்த இருவரில் ஒருவரான அந்திரேயாதான் தம் சகோதரர் சீமோனை அழைத்து வந்தார்.

நம் பங்குகளில் என்ன நடக்கிறது? பெங்களூரிலும் திருப்பூரிலும் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விடுகிறது. நாமும் புன்னகைத்து அனுப்பிவிடுகிறோம். வாசகம் வாசிப்பவர் பத்து வருடமாக அதே ஆள். காணிக்கைத் தட்டு எடுப்பவர்கள் அதே நான்கு பேர். பாடகர் குழுவுக்குக் குரல் போதவில்லை என்று குறைப்படுகிறோம், ஆனால் தப்பும் தவறுமாகப் பாடுகிற ஒரு சிறுமியை மைக் அருகில் விட நமக்கு மனம் வருவதில்லை. தடம் விழுந்துவிடும் என்கிற பயம்தான். ஆலயம் காலியாகிறதே என்று வருந்துகிறவர்களும் நாமேதான்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் வாசகத்தை, இதுவரை வாசிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்போம். எனக்கு வராது என்றுதான் சொல்வார். சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பவுலடியாருடைய அந்த நீண்ட வாக்கியங்களில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று காட்டிக் கொடுப்போம். திக்கினால் இன்னொரு முறை வாசிக்கட்டும்.