அரக்கோணத்துப் பாட்டும் அதன் கணக்கும்



2021 மார்ச் 7 அன்று யூடியூபில் ஒரு பாட்டு வெளியானது. பெயர் ‘என்ஜாய் எஞ்சாமி’. எழுதிப் பாடிய அறிவு, அரக்கோணத்துக்காரர். 2019இல் நம் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரியும் வரை அரக்கோணமும் அதில்தான் இருந்தது. உடன் பாடியவர் தீ, இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. அந்தப் பெரும் இடப்பெயர்வைக் கல்யாண மண்டபத்திலும் கல்லூரி விழாவிலும் பிள்ளைகள் ஆடிப் பாடினார்கள். படக் கதாநாயகன் இல்லை, பட நிறுவனம் இல்லை. தனிப்பாட்டாக வந்தே அது 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது.

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளி வெளியிட்டார். அந்தப் பாட்டிலிருந்து தனக்கோ பாடியவர்களுக்கோ வருமானம் வந்து சேரவில்லை என்றார். பாட்டை வெளியிட்டது மாஜ்ஜா என்ற நிறுவனம். பூசலில் யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பட்டமளிப்பு மேடையின் வேலையில்லை. ஆனால் நாடறிந்த ஓர் இசையமைப்பாளரே தன் பாட்டின் வரவு என்னவென்று மூன்று ஆண்டு கழித்துப் பொதுவெளியில் கேட்க வேண்டியிருந்தது என்றால், பேரணாம்பட்டில் கானாப் பாட்டு பாடி அலைபேசியில் பதிவேற்றும் பையனின் நிலை என்ன? இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

கேசட் காலத்தில் கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை கேசட் அடித்தார்கள், இத்தனை விற்றது, கடைக்காரருக்கு இவ்வளவு. பாட்டுக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு முறைச் சம்பளம்தான். ஆனாலும் சரக்கு எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடிந்தது.

கேசட்டுக்குப் பிறகு, இணையத்திலிருந்து பாட்டை இறக்கிக்கொள்ளும் பழக்கம் இந்தப் பாலாற்றங்கரை ஊர்களுக்கு இணையம் வழியாகவே வரவில்லை. அது மெமரி கார்டு வழியாக வந்தது. ஆம்பூர் கடைத்தெருவிலும் வாணியம்பாடி பேருந்து நிலையத்திலும் செல்போன் கடைக்காரர் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, சில பத்து ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஏற்றித் தந்தார். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வரும் பெண்கள் காதில் ஒயரோடு பேருந்து ஏறியது அந்தக் கார்டின் புண்ணியத்தில்தான். கடைக்காரருக்குப் பணம் வந்தது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஒரு காசு போகவில்லை.

முறையான கடை திறந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2003இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியிருந்தது. இங்கே 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் பாட்டுக் கடை தொடங்கியது. ஒரு பாட்டு 6 ரூபாயிலிருந்து கிடைத்தது. 2013 ஜூனில் அதை மூடிவிட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதை ஆறு ரூபாய் கொடுத்து வாங்குவோர் போதுமான அளவில் இல்லை. இந்தியாவில் அந்நாளில் உண்மையில் காசு பார்த்த டிஜிட்டல் இசை, காலர் ட்யூன். அதிலும் பெரும்பங்கைத் தொலைபேசி நிறுவனங்களே எடுத்துக்கொண்டன.

பிறகு ஸ்ட்ரீமிங் வந்தது. இந்தியாவில் 2007இல் சாவன், 2010இல் கானா, 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை என்று செயலிகள் வந்தன. இப்போது பெரும்பாலோர் பாட்டை வாங்குவதில்லை. கேட்கும் உரிமையை மாதச் சந்தாவுக்கோ விளம்பரத்துக்கோ பெறுகிறோம். 2023ஆம் ஆண்டில் உலக இசைப்பதிவுத் தொழிலின் வருமானம் 2,860 கோடி டாலர் என்கிறது பன்னாட்டு இசைப்பதிவுக் கூட்டமைப்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங். ஆக, தொழிலில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதை வணிகவியல் மாணவர்கள் கவனித்துக் கேளுங்கள். பெரும்பாலான செயலிகளில் ஒரு மாத வசூல் முழுவதும் ஒன்றாகச் சேர்க்கப்படுகிறது. செயலி தன் பங்கை எடுத்த பிறகு, மொத்தக் கேட்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில் மீதி பிரிகிறது. மேல்விஷாரத்தில் ஒருவர் சந்தா கட்டி மாதம் முழுக்கக் கவ்வாலி மட்டுமே கேட்டாலும், அவருடைய பணத்தில் பெரும்பகுதி அவர் கேட்டேயிராத வெற்றிப் படப் பாட்டுகளுக்குப் போய்விடும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பதிவுரிமைத் தொகை தருவதில்லை. சின்னக் கலைஞருக்கு இது நியாயமான ஏற்பாடு ஆகாது. ஆறு ரூபாய்ப் பதிவிறக்கத்தில், வாங்கியவரின் காசு வாங்கிய பாட்டின் கணக்கில்தான் ஏறியது. அந்த நேர்க்கோடு இப்போது அறுந்துவிட்டது.

அது அறாத இடங்களும் உண்டு. 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் என்ற தளத்தில் கலைஞரே விலை வைத்துப் பதிவிறக்கமாக விற்கலாம். தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கூட்டம் சிறியதுதான், ஆனால் வாங்குபவரின் பணம் நேரே பாடியவருக்குப் போகிறது.

தோல் தொழில் ஊரில் பேசும்போது இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. உங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பாலாற்றங்கரை டேனரிகளிலிருந்து அரைப்பதனிட்ட தோலாகவே சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போனது. அங்கே மெருகேறி, ஷூவாகி, பல மடங்கு விலைக்கு விற்றது. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி 1973இல் அரசு அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிய பிறகுதான் முழுப்பதனிடுதலும், பின்னர் ஷூ கம்பெனிகளும் இங்கே வேரூன்றின. நம் இசைக்கலைஞர்களில் பெரும்பாலோர் இன்றும் அரைப்பதனிட்ட தோலைத்தான் விற்கிறார்கள். ஒரு தொகை வாங்கிக்கொண்டு முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு கேசட் வந்தாலும், காலர் ட்யூன் வந்தாலும், ஸ்ட்ரீமிங் வந்தாலும் மேல்வருமானம் உரிமை வைத்திருப்பவருக்கே.

சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. படத்துக்காகக் காசு கொடுத்து எழுதவைத்த பாட்டுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் இடமில்லையே என்று வருந்தித் தனிக் குறிப்பு எழுதினார். நிலை மாற 35 ஆண்டுகள் ஆயின. கவிஞர் ஜாவேத் அக்தர் முன்னின்று வாதாட, 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு ராயல்டி உண்டு. அந்தப் பங்கை அவர்களே விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. நிகழ்த்துபவருக்கும், அதாவது பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும், ராயல்டி உரிமை வந்தது.

பதிவிறக்கத்தின் மீதே ஒரு முக்கியமான தீர்ப்பும் உண்டு. வானொலிக்கு உள்ள சட்டவழி உரிமச் சலுகை தங்களுக்கும் பொருந்தும் என்று ஏர்டெல்லின் விங்க் செயலி வாதிட்டது. பாட்டை இறக்கிச் சேமித்துக்கொள்ள விடுவதை ஒலிபரப்பு என்று கொள்ள முடியாது என்று 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. வழக்குப் போட்டது டிப்ஸ் என்ற கேசட் காலத்து நிறுவனம். உரிமையாளர் கேட்கும் விலையைப் பேசித்தான் ஆக வேண்டும் என்பது உறுதியாயிற்று. கேசட் காலத்து ஒப்பந்தங்கள் யாருக்கு எதைத் தந்தன என்று இளையராஜாவுக்கும் எக்கோ நிறுவனத்துக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் நெடுங்காலமாக வழக்கு நடப்பதும் உரிமையின் மதிப்பு இப்படி ஏறியதால்தான். பழைய காகிதத்துக்குப் புதிய விலை வந்துவிட்டது.

காகிதம் என்றதும் மீண்டும் அறிவைச் சொல்ல வேண்டும். 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் ‘என்ஜாய் எஞ்சாமி’ ஒலித்தபோது அவர் அங்கே இல்லை. மெட்டையோ சொல்லையோ தனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, கூட்டு உழைப்புதான் என்பதையும் மறுக்கவில்லை என்று பின்னர் எழுதினார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதிலளித்தார். இருவருமே மதிப்புக்குரிய கலைஞர்கள். பாட்டில் யாருடைய பங்கு எது என்பதை ஒலிப்பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டு வைக்கும் வழக்கம் தமிழ் இசையுலகில் வேரூன்றவில்லை. அது வேரூன்றினால் நட்புகளும் தப்பும்.

ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேரப்போகும் உங்களில் பலர் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது எல்லாம் பிழையில்லாமல் தயாரிப்பீர்கள். அந்தத் திறமை உங்கள் தெருவின் பாட்டுக்காரருக்கும் வேண்டும். பாட்டு எழுதுபவரும் மெட்டமைப்பவரும் ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிய வேண்டும். பாடகர்களுக்காக 2013இல் இஸ்ரா என்ற சங்கம் பதிவாகி, பிறகு வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்து இசாம்ரா ஆகியிருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண் பெற வேண்டும். அது இல்லாத பாட்டு எத்தனை முறை ஒலித்தாலும், வரவை யார் பெயரில் எழுதுவது என்று தடுமாற்றம் வரும். யூடியூப் சேனலின் கடவுச்சொல் யார் கையில், வருமானம் யார் வங்கிக் கணக்கில் என்று கேட்பதும் இந்த வேலையில் சேரும்.

கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. விடிய விடிய ஆடும் கலைஞரை யாரோ அலைபேசியில் பிடித்துத் தன் சேனலில் போடுகிறார், விளம்பரமும் ஓடுகிறது. கதை வியாசருடையது, மெட்டு மரபினுடையது என்று சொல்லிக் கைகழுவ முடியாது. அன்றைய நிகழ்த்துதல் அந்தக் கட்டியங்காரருடையது, அந்த மத்தளக்காரருடையது. அதைப் பதிவுசெய்து வணிகம் செய்ய அவர்கள் சம்மதம் வேண்டும், பங்கும் தர வேண்டும் என்பது இன்றைய சட்டம். பல குழுக்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, படிவம் நிரப்பவும் ஆள் இல்லை. உங்கள் ஊரில் அடுத்த கூத்துக்குக் கொடியேறும் முன், குழுவின் வாத்தியாரைப் போய்ப் பாருங்கள். படிவத்தையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.