மழை ஒன்றுதான், நிதியிலும் நியாயம் வேண்டும்

(திருகோணமலை மாவட்டம், இலங்கைத்துறையில் நடந்த கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தேயிலை மலையிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எங்களில் பலருடைய லயக் கூரையில் விழும் மழைதான் ஓடையாகி, மகாவலியாகி, வெருகல் ஆறாக உங்கள் கரைக்கு வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மேலே மலை சரிந்தது. கீழே மூதூரிலும் வெருகலிலும் வெள்ளம் புகுந்தது.

இந்த மழையை இப்படி மாற்றியது நாங்கள் அடுப்பில் வைத்த விறகு அல்ல. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகளுக்கே பெரும் பொறுப்பு. 2020 முதல் வருடத்துக்கு 10,000 கோடி டொலர் தருவதாக அந்த நாடுகள் 2009 இல் கோப்பன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022 இல்தான். அதிலும் அரசாங்கங்கள் வழியாக வந்த பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடன். அடிபட்டவன் மருந்துக்கு வட்டி கட்டுவதா?

வெளிநாட்டிடம் கேட்கும் நியாயத்தை உள்நாட்டிலும் கேட்க வேண்டும். பசுமைக் காலநிலை நிதியம் 2016 இல் உலர் வலயக் குளங்களையும் விவசாயிகளையும் காக்க சுமார் 3.8 கோடி டொலர் ஒதுக்கியது. யான் ஓயாப் படுகையும் அதில் அடங்கும். பிறகு நக்கிள்ஸ் மலைத்தொடருக்கென்று சுமார் 4 கோடி டொலர் ஒதுக்கியது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே தோட்டச் சமூகமும் இருக்கிறது. நல்லது. பெயரில் இருப்பது கைக்கும் வர வேண்டும்.

ஏன் இந்தச் சந்தேகம்? இந்த மண்ணில் இருநூறு வருடம் உழைத்தும் எங்களில் பெரும்பாலானோருக்குக் காணி உறுதி இல்லை. காணிக்காரரை மட்டும் எண்ணும் திட்டம் எங்களைத் தாண்டிப் போய்விடும். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை போராட வேண்டியிருந்தது.

கொஸ்லந்தை மீரியபெத்தையை மறக்க முடியுமா? அங்கே மண் சரியும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை வந்தது. மக்களைக் குடியமர்த்த மாற்றிடம் அமையவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அதன் பிறகுதான், 2016 இல், 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. உயிர் போகுமுன் செலவழித்திருக்க வேண்டிய பணம் அது.

ஆகவே நாம் கேட்பது நான்கு. வரும் நிதி கடனாக அல்லாமல் மானியமாக வர வேண்டும். உறுதி இல்லாத லயக் குடும்பத்துக்கும் மீனவக் குடும்பத்துக்கும் அதில் உரிமை இருக்க வேண்டும். மழையால் பேர் விழாத நாளும், கடலுக்குப் போக முடியாத நாளும் இழப்பாகக் கணக்கிடப்பட வேண்டும். திட்டத்தை முடிவு செய்யும் மேசையில் தொழிலாளரும், குறிப்பாகப் பெண்களும் உட்கார வேண்டும்.

தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கொப்பி போடுவோம். வெடித்த சுவர், சரிந்த மண், வேலை இல்லாமல் போன நாள் எல்லாவற்றையும் திகதியோடு எழுதுவோம். ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும், இன்னொன்றைச் சங்கத்திடமும் கொடுப்போம். எழுதி வைக்காத இழப்புக்கு எந்த நிதியும் வராது.

மலையும் கரையும் சேர்ந்து கேட்டால் அந்தக் குரலைத் தட்டிக்கழிப்பது கடினம். சேர்ந்து கேட்போம்.