விழுவோம் என்று உட்கார்ந்துவிடலாமா?
(வேதாரண்யத்தில் மூத்தோர் கூடுகையில் ஆற்றிய உரை)



2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில், 1000 மீட்டர் பிரிவில் தமிழ்நாட்டு இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் தங்கம் வென்றார். பேரப்பிள்ளைகள் ஸ்கேட்டிங் செய்வதை நாம் திண்ணையிலிருந்தே பார்க்கிறோம். அறுபதைக் கடந்த நமக்கும் அது ஆகுமா?

ஆகும், நிதானமாகத் தொடங்கினால். விழுந்தால் இடுப்பெலும்பு முறியுமே என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அஞ்சி உட்கார்ந்துவிட்டால் கால் தசை மெலிகிறது, சமநிலை குறைகிறது. பிறகு குளியலறையிலேயே விழுகிறோம்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடங்களாவது உடற்பயிற்சி செய்யவேண்டும்; மூன்று நாட்களாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சியும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன ஆலோசனை இது. ஸ்கேட்டிங்கில் காலும் சமநிலையும் சேர்ந்தே பழகுகின்றன.

முதலில் மருத்துவரிடம் எலும்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வோம். தலைக்கவசமும், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளும் அணிவோம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, புல்தரையில் நின்று பழகுவோம். முழங்காலைச் சற்று மடக்கி முன்சாய்ந்து நிற்கவேண்டும். பின்சாய்ந்தால் மல்லாந்து விழுவோம். வாகனம் ஓடும் சாலை வேண்டவே வேண்டாம்.

சக்கரம் ஆகாதவர்களுக்கு நடை இருக்கிறது. 1930 ஏப்ரலில் 51 வயதான ராஜாஜி, உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து நம் ஊருக்குச் சுமார் 150 மைல் நடந்தே வந்தார். வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம் நடந்தாலே நமக்கு 150 நிமிடம் ஆயிற்று. நாளைக் காலையே எழுந்து தொடங்குவோமாக.