கல்லாற்றிலிருந்து பொன்னும்துருத்துக்கு



விடுமுறைக்குத் தீவு என்றதும் மனம் அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் பறக்கிறது. விமானக் கட்டணத்தைக் கேட்டதும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஒரு தீவு இருக்கிறது. பொன்னும்துருத்து என்று பெயர். அங்கே போக நான் சொல்லும் வழி கொஞ்சம் சுற்றுவழி. விதுராவைத் தாண்டி, பொன்முடி மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு என்ற ஊரிலிருந்து புறப்பட வேண்டும்.

செம்முஞ்சி மொட்டை மலையில் பிறக்கும் ஆறு கல்லாற்றில் உருண்டைப் பாறைகளுக்கு இடையே ஓடுகிறது. தண்ணீர் அத்தனை தெளிவு. அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரியும். இடுப்பளவுதான் இருக்கும் என்று நம்பி இறங்கியவர்கள் பலர் கயத்தில் சிக்கி உயிரை விட்டிருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து காலை நனையுங்கள், அது போதும். 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற காணிப் பழங்குடி மருத்துவச்சி லட்சுமிக்குட்டி அம்மா இந்தக் கல்லாற்றுக் காட்டுக்காரர்தான். விஷக்கடிக்கு அவர் தரும் பச்சிலை மருந்தை நம்பி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள்.

இதே ஆறு கீழே இறங்கி, வாமனபுரம் ஆறு என்று பெயர் பெற்று, மொத்தம் 88 கிலோமீட்டர் ஓடி அஞ்சுதெங்குக் காயலில் கலக்கிறது. அந்தக் காயலில்தான் பொன்னும்துருத்து இருக்கிறது. நெடுங்கண்டாவிலிருந்து படகில் போகலாம். தென்னையும் கரையோரக் கண்டல் மரங்களும் ஒரு பழைய சிவன் கோயிலும், இவ்வளவுதான் தீவு. அரச குடும்பத்துப் பெண்கள் நகைகளை இங்கே ஒளித்து வைத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

பலர் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். காயலுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல் திட்டில் அஞ்சுதெங்குக் கோட்டை நிற்கிறது. ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி வாங்கி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-களில் கட்டியது. வந்தது மிளகுக்காக. கல்லாற்றுப் பக்கத்து மலைச்சரிவுகளில் இன்றும் மரத்தைச் சுற்றிப் படர்ந்து கிடக்கிறதே, அதே மிளகுக்காக. துணியும் கயிறும் கூடவே கப்பலேறின. கயிற்று வியாபாரத்தில் 'அஞ்சுதெங்கு' என்று ஒரு ரகமே உண்டு. காயலில் ஊறவைத்த மட்டையிலிருந்து திரிக்கும் அந்தக் கயிற்றுக்கு வெளிநாட்டுச் சந்தையிலும் பெயர் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் மிளகு வாங்குவதில் மோசடி செய்தார்கள். ஊர் மக்களை இழிவாக நடத்தினார்கள். ராணிக்குத் தரும் ஆண்டுக் காணிக்கையை உள்ளூர்த் தலைவர்களான பிள்ளைமாரைக் கலக்காமல் நேரே கொடுக்கப் போனார்கள். 1721 ஏப்ரலில் கோட்டைத் தலைவர் கிஃபோர்டு சுமார் 140 பேரோடு ஆற்றிங்கலுக்குப் போனார். அன்று இரவு அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டார்கள். பிறகு கோட்டையை ஊரார் ஆறு மாதம் முற்றுகையிட்டார்கள். தலைச்சேரியிலிருந்து படை வந்த பிறகுதான் முற்றுகை விலகியது. பிளாசிப் போர் நடந்தது 1757-ல். அதற்கு 36 ஆண்டுகள் முன்பே கம்பெனியை எதிர்த்து எழுந்த ஊர் இது. நம் பள்ளிப் பாடங்களில் இதற்கு ஒரு பக்கமாவது கிடைத்திருக்க வேண்டும்.

மகாகவி குமாரனாசான் 1873-ல் பிறந்த காயிக்கரையும் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நாகர்கோவில் பக்கத்து நேயர்கள் ரயிலில் கடைக்காவூரில் இறங்கினால் கோட்டை அருகில்தான். மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். படகில் ஏறினால் உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கி அணியுங்கள். தண்ணீர் பாட்டிலைக் காயலில் எறியாதீர்கள். குழந்தைகளோடு போனால் தீவில் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கோட்டைக்கு ஒதுக்குங்கள். 1721-ல் என்ன நடந்தது என்பதை அந்த மதிலருகே வைத்தே அவர்களுக்குச் சொல்லுங்கள்.