அனுபவம் எதைக் கற்பிக்கிறது?

(சாகுபுரத்தில் ஆலை, உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"வடக்கத்திக்காரன் நம் வேலையைப் பறிக்க வந்துவிட்டான்" என்ற பேச்சு டீக்கடைகளில் கேட்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்றால், "என் அனுபவத்தைச் சொல்கிறேன்" என்கிறார்கள். அனுபவத்தை நாம் அலட்சியம் செய்ய முடியாது. நம் கூலிக்கும் குறைவாக ஒருவர் வேலைக்கு வந்து நின்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அனுபவம் மனிதரைப் பகைமைக்கும் கொண்டுபோகும், ஒற்றுமைக்கும் கொண்டுபோகும். எப்போது எது நடக்கிறது? நம் கடற்கரையின் சரித்திரமே பதில் சொல்கிறது.

முத்தும் மோதலும்

1530களில் முத்துக் குளிப்பு உரிமைக்காகப் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தக் கரையில் மோதல் மூண்டது. பரதவர் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புத் தேடினார்கள். 1535 முதல் 1537க்குள் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கடைசியில் லாபம் யாருக்கு? முத்துக் கடலின் அதிகாரம் போர்த்துக்கீசியர் கைக்குப் போயிற்று. 1658ல் டச்சுக்காரர் கைக்கும், பிறகு இங்கிலீஷ்காரர் கைக்கும் மாறிற்று.

இங்கிலீஷ் சர்க்கார் நடத்திய முத்துக் குளிப்பில் கிறிஸ்தவப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் ஒரே பாரில் மூழ்கினார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூச்சைப் பிடித்து மூழ்கியவருக்கு மீதி ஒரு பங்கு. சுறாமீன் மதம் கேட்டுக் கடிப்பதில்லை. பங்கு பிரித்த துரையும் மதம் பார்த்துக் கூட்டிக் கொடுக்கவில்லை.

1908ன் படிப்பினை

1908 பிப்ரவரி 27ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். தூத்துக்குடி நகரமே துணை நின்றது. துரைமார் பக்கம் பேசிய வக்கீலுக்கு முகம் மழிக்க மறுத்தார் ஒரு நாவிதத் தொழிலாளி! கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12ந் தேதி வ.உ.சி. கைதானதும் அதே தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த நாள் திருநெல்வேலியில் போலீஸ் சுட்டு நால்வர் மாண்டனர்.

ஒரே கோரிக்கைக்காக ஒரே மில் வாசலில் நின்ற நாட்கள், அதுவரை தூரத்தில் இருந்தவர்களைப் பக்கத்தில் கொண்டுவந்தன. ஆயிரம் பிரசங்கம் செய்ய முடியாததை அந்த அனுபவம் செய்தது.

பெயரைப் பாருங்கள்!

நம் சாகுபுரத்தின் பெயரே வடநாட்டு முதலாளிக் குடும்பத்தின் பெயர்தான். 1950களின் முடிவில் ரசாயன ஆலையோடு வந்த பெயர் அது. வடக்கிலிருந்து மூலதனம் வந்தால் ஊருக்கே அதன் பெயரை வைக்கலாம். துணிமூட்டையோடு ஒரு தொழிலாளி வந்தால் மட்டும் அவர் அந்நியரா?

1966ல் சிவசேனை தோன்றிய பின் பம்பாயில் என்ன கூச்சல் எழுந்தது? "தென்னாட்டான் எங்கள் வேலையைப் பறிக்கிறான்" என்பதுதான்! பிழைக்கப் போய்த் தாராவியில் குடியிருந்த நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் அதைக் காதால் கேட்டவர்கள். அன்று நமக்கு வலித்தது, இன்று பீகார்க்காரருக்கு வலிக்காதா?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் செல்போனில் பரவின. பயந்து பலர் ரயிலேறினார்கள். பீகார் சர்க்கார் அனுப்பிய குழுவே இங்கு வந்து விசாரித்தது. வதந்தி பொய்யென்று தெரிந்தது. பக்கத்தில் இருப்பவரை நன்றாகப் பழகி அறிந்திருந்தால், அந்தப் பொய் அவ்வளவு தூரம் ஓடியிருக்குமா?

என்ன செய்யவேண்டும்?

வெளிமாநிலத் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளியைவிடக் கூலி குறையக் கூடாது என்று 1979லேயே சட்டம் எழுதினார்கள். ஏட்டில் எழுதியதைக் கையில் வாங்க இரு தரப்பும் சேர்ந்தால்தான் முடியும். அவர் கூலி குறைந்தால் நம் கூலியும் குறையும். நம்மைப் பிரித்து வைப்பதில் காண்டிராக்டருக்கு மட்டுமே லாபம்.

ஆகவே தோழர்களே, நாளைக்கே பக்கத்தில் வேலை செய்பவரின் பெயரைக் கேளுங்கள். அவர் பாஷையில் நாலு வார்த்தை பழகுங்கள். நம் பாஷையில் நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். உங்கள் கூலிச் சீட்டையும் அவர் கூலிச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவரையும் கையோடு அழைத்து வாருங்கள்!